திக்கித் திக்கிப் படித்த புத்தகம்

மகளுக்குப் பெயர் தேடியபோது ரத்தினவேல் ஜாதகம் பார்க்கவில்லை, யாரிடமும் யோசனை கேட்கவும் இல்லை. குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தான். மனைவி ராஜலட்சுமிக்குப் பிடித்தது பிரகதி. அந்தப் 'பி' அவன் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. கீர்த்தனா தொண்டையில் நின்றுவிட்டது. தர்ஷினி பல்லுக்குப் பின்னால் முட்டியது. ஆதிரை மட்டும் மூச்சோடு மூச்சாக வெளியே வந்தது. மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் வந்தது. ஈரக் கையோடு வெளியே வந்து, "ஆதிரைன்னு வைப்போம்" என்றான். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.

ஐந்து வயதிலிருந்து அவனுக்குத் திக்குவாய். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்து ஓசூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இரும்பைக் கடையும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறான். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் நீளமாகப் பேச முடியாது. கட்டைவிரலைத் தூக்கினால் சரி, கையை விரித்தால் மெட்டீரியல் தீர்ந்துவிட்டது. உலகத்திலேயே தனக்கு ஏற்ற இடம் அதுதான் என்று அவன் நினைத்திருந்தான்.

மெஷினுக்கு வெளியே அவனுக்காகப் பேசியவள் ராஜலட்சுமி. வீட்டுக்காரரிடம், கேஸ் ஏஜென்சியில், வங்கியில் எல்லாம் அவள்தான். வீட்டுக்குள்ளும் அவன் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் அடுத்த நொடியே அதை அவள் முடித்துவிடுவாள். அன்பில்தான் முடித்தாள். அவனுக்கு ஒவ்வொரு தடவையும் உள்ளே ஊசி குத்தியது போலிருக்கும். ஆனால் அதைச் சொல்லவும் பேசத்தானே வேண்டும், அதனால் சொன்னதில்லை.

ஆதிரை பிறந்து ஏழெட்டு மாதம் இருக்கும். மடியில் போட்டு ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தவனிடம் ராஜலட்சுமி வந்து உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "தப்பா நினைக்காதீங்க. பேச்சு வர்ற வரைக்கும் பாப்பாகிட்ட நீங்க ரொம்பப் பேச வேணாமே. கேட்டுக் கேட்டு அதுக்கும் ஒட்டிக்கிருச்சுன்னா?" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் 'உட்காருடா, உனக்குத் தேவையில்லாத வேலை' என்று சொன்ன அன்றுகூட அவனுக்கு இப்படி இருந்ததில்லை. ஆனால் அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். தன்னைப் போல இந்தக் குழந்தையும் ஒரு வகுப்பறையில் நின்று தவிக்கக் கூடாது என்ற பயம் அவனுக்கும் இருந்தது. சரி என்று தலையாட்டினான். அன்றிலிருந்து மகளிடம் பேசுவதை விட்டுவிட்டான்.

அவர்கள் குடியிருந்தது மத்திகிரியில், முனிலட்சுமி அம்மா வீட்டு மாடியில். ராஜலட்சுமிக்கு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் முதல் ஷிப்ட். காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும், அவள் திரும்ப மணி மூன்றாகும். ரத்தினவேலுக்கு இரண்டாம் ஷிப்ட், மதியம் ஒன்றரைக்குக் கிளம்ப வேண்டும். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் குழந்தையைக் கீழ்வீட்டு முனிலட்சுமி அம்மா பார்த்துக்கொள்வார். ஆக, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் ஆதிரை இருந்தது அப்பாவோடு. அப்பா பேசமாட்டார். குளிப்பாட்டுவார், இட்லி ஊட்டுவார், ஜடை போட்டுவிடுவார். பிறகு போனில் பாட்டு வீடியோ போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். வீடு அமைதியாக இருக்கும்.

இரண்டே முக்கால் வயதில் ஆதிரை சொன்ன வார்த்தைகள் மூன்று. அம்மா, தா, அப்புறம் போனைக் காட்டி 'ஊ'.

அங்கன்வாடி டீச்சர் சுஜாதாதான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். எடை போட்டு, உயரம் அளந்து எழுதியவர், "எடை எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்த வயசுப் பசங்க என் காதைத் தின்னுறாங்க, இவ ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. கிருஷ்ணகிரியில ருக்மணி மேடம்னு பேச்சுப் பயிற்சி தர்றவங்க இருக்காங்க. நான் சொல்றன், நீங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்றார்.

இருவரும் ஒரே நாளில் லீவு போட்டார்கள். சூளகிரி, குருபரப்பள்ளி தாண்டி பஸ் போனபோது ராஜலட்சுமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று அவள் மனதில் ஓடியது. அவன் மனதில் ஓடியது வேறு. 'என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.'

ருக்மணி மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். காதைச் சோதித்தாகிவிட்டது, குறை ஒன்றும் இல்லை. தரையில் பாய் விரித்து, பொம்மைகளைப் போட்டு, ஆதிரையோடு அரை மணி நேரம் விளையாடினார். பிறகு கேட்டார்.

"பகல்ல இவகூட யார் இருக்கறது?"

"இவருதாங்க" என்றாள் ராஜலட்சுமி.

"என்ன பேசுவீங்க சார் பாப்பாகிட்ட?"

ரத்தினவேல் வாயைத் திறந்தான். "நா... நா... நா..."

"நான் எதுவும் பேசறதில்லைன்னு சொல்ல வர்றாருங்க" என்று ராஜலட்சுமி முடித்தாள்.

ருக்மணி மேடம் அவள் பக்கம் மெதுவாகக் கையைக் காட்டி நிறுத்தினார். அவன் முகத்தையே பார்த்தபடி இருந்தார். அவசரமில்லாத பார்வை. அவன் மூன்று தடவை முட்டி, நான்காவது தடவை, "நான் பேசினா அ... அவளுக்கும் ஒட்டிக்கும்" என்று சொல்லி முடித்தான். ஒரு வாக்கியத்தை வெளி ஆள் முன்னால் தானே முடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஒட்டிக்காது" என்றார் ருக்மணி மேடம். "சில குடும்பங்கள்ல திக்குவாய் வழிவழியா வர்றது உண்டு. அது உடம்போட வர்றது, கேட்டுக் கத்துக்கறது இல்ல. நீங்க பேசினாலும் வரலாம், பேசாட்டியும் வரலாம். ஆனா பேச்சே இல்லாத வீட்ல குழந்தை எதைப் பார்த்துப் பேசும், சொல்லுங்க?"

ராஜலட்சுமியின் கண் கலங்கிவிட்டது. ருக்மணி மேடம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து இரண்டு படப் புத்தகங்களை எடுத்து வந்து ரத்தினவேல் கையில் கொடுத்தார்.

"எழுத்தைப் படிக்கணும்னு அவசியமில்ல. ஒரு படத்தைத் தொட்டுக் காட்டுங்க, இது என்னன்னு கேளுங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அவ ஒரு வார்த்தை சொன்னா, அதோட இன்னொரு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்க. மாடுன்னா, கறுப்பு மாடுன்னு. தினமும் கால் மணி நேரம். போன் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது."

பத்து எண்ணுவதை மட்டும் இரண்டாவது தடவை சொன்னார். பெற்றவர்களால் அதுதான் முடிவதில்லை, மூன்று எண்ணுவதற்குள் அவர்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள் என்றார். ரத்தினவேலுக்குச் சிரிப்பு வந்தது. தன்னிடம் யாராவது பத்து எண்ண மாட்டார்களா என்றுதானே அவன் இத்தனை காலம் ஏங்கியிருக்கிறான்!

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. காலை எட்டு மணிக்குப் பாயில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பான். ஆதிரை அதைத் தட்டிவிட்டு, "ஊ, ஊ" என்று போனுக்கு அழுவாள். அழுகை முடியும் வரை காத்திருப்பான். மறுபடி திறப்பான். ஒருநாள் அட்டையின் மூலையைக் கடித்துத் துப்பினாள். இன்னொரு நாள் புத்தகத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இ... இது என்ன?" என்று கேட்டுவிட்டு அவன் பத்து எண்ணுவான். பதில் வராது. பக்கத்தைத் திருப்பி மறுபடி எண்ணுவான். கம்பெனிக்குப் போனால் மெஷின் முன்னால் நிற்கும்போதும் அந்தப் படங்களே கண்ணில் ஆடின.

இரண்டு புத்தகத்தில் ஒன்று எருமைக்கன்றின் கதை. மழையில் நனைந்தபடி ஒரு கன்று வீடு திரும்புகிறது. வழியில் தவளை, கோழி, ஆடு என்று ஒவ்வொன்றாக அதோடு சேர்ந்துகொள்கின்றன. கடைசியில் ஒரு சிறுமி தன் குடையை எல்லோருக்கும் பிடிக்கப் பார்க்கிறாள், போதவில்லை. அவ்வளவுதான் கதை. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அந்தக் கடைசிப் பக்கம். குடையின் மேல் விரலை வைத்தான். அன்றைக்குக் கேள்வி கேட்காமல் தானே சொல்லிக் காட்டலாம் என்று நினைத்தான்.

"கு... கு... கு..."

மாட்டிக்கொண்டது. கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, அந்த ஒரு எழுத்தோடு மல்லுக்கட்டினான்.

"கொடை" என்றது ஒரு குரல்.

கண்ணைத் திறந்தான். ஆதிரை படத்தைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வரவேண்டிய வார்த்தை வராததால் தானே எடுத்து வைத்துவிட்டாள்.

ஆயுசு முழுக்க அவன் வார்த்தைகளை மற்றவர்கள் முடித்திருக்கிறார்கள். கண்டக்டர்கள், சூப்பர்வைசர்கள், கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டார்கள். ஒவ்வொருவரும் முடித்தபோது ஏதோ ஒன்று தன் கையிலிருந்து பிடுங்கப்பட்டது போலத்தான் இருந்தது. இன்றைக்கு அப்படி இல்லை. இவள் பிடுங்கவில்லை. கொடுத்தாள்.

"ப... பெரிய கொடை" என்றான். வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அந்த நேரத்திலும் நினைவிருந்தது.

"பெய்ய கொடை" என்றாள் ஆதிரை.

அன்று மதியம் முதன்முறையாக அவன் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டான். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனான்.

அதற்குப் பிறகு அணை திறந்ததுபோல ஆயிற்று. அவன் திக்கி நிற்கும் இடமெல்லாம் அவளுக்கு விளையாட்டு. சில நேரம் திக்காத வார்த்தையிலும் வேண்டுமென்றே நிறுத்தினான். அவள் முந்திக்கொண்டு சொல்வாள். தப்பாகச் சொன்னால் அவன் திருத்தமாட்டான், சரியான வார்த்தையைத் தன் வாக்கியத்தில் வைத்துத் திருப்பிச் சொல்வான். அப்போதுதான் சேர்த்திருந்த அங்கன்வாடிக்குக் கொண்டுபோய் விடும் வழியில் கால்நடைப் பண்ணை வேலியோரம் நின்று, புத்தகத்தில் பார்த்ததையெல்லாம் உயிரோடு பார்த்தார்கள். பசுவைக் காட்டி, "ஆவு" என்றாள். கீழ்வீட்டில் கற்றுக்கொண்ட தெலுங்கு. "ஆமா, வெள்ளை மாடு, ஆவு" என்றான் ரத்தினவேல். முனிலட்சுமி அம்மாவும் சும்மா இருக்கவில்லை. அவருக்குத் தமிழ் படிக்க வராது. படத்தைப் பார்த்து, அந்த எருமைக்கன்றுக்கு வேறொரு கதையைத் தெலுங்கில் சொல்லிவைத்திருந்தார். அதில் மழைக்குப் பதில் கன்றின் அம்மா தொலைந்துபோயிருந்தது. ஆதிரை இரண்டு கதையையும் ஏற்றுக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை சேர்த்துப் பேச ஆரம்பித்தாள். ராஜலட்சுமி ஷிப்ட் முடிந்து வந்ததும், வாசலிலேயே அவளுக்குச் சேதி காத்திருக்கும். கோழி ஓடிச்சு. அப்பா டீ ஊத்திட்டான். அதைக் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றாமல் நின்றுவிடுவாள்.

அப்புறம்தான் அது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆதிரை ஓடிவந்து அம்மாவின் புடவையைப் பிடித்து, "அ... அ... அ... அம்மா, த... த... தண்ணி" என்றாள்.

ராஜலட்சுமி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ரத்தினவேல் பாயில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவளும் அவனைப் பார்த்தாள், அவனும் அவளைப் பார்த்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள். வேகமாக வந்து புத்தகத்தை வாங்கி பீரோ மேல் வைத்தாள். "போதுங்க. இத்தோட விட்டுருங்க." சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டாள். அவள் அழுவது வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக.

திங்களும் செவ்வாயும் அவன் வாயைத் திறக்கவில்லை. ஆதிரை பீரோவைக் காட்டி, "அ... அப்பா, எருமை" என்று கேட்டாள். அவள் திக்கிய ஒவ்வொரு எழுத்தும் அவன் நெஞ்சில் அடித்தது. தலையை மட்டும் ஆட்டினான். புதன்கிழமை அவள் கேட்கவில்லை. பாயில் தனியாக உட்கார்ந்து, வெறும் கையைப் புத்தகம்போல விரித்து வைத்துக்கொண்டு, "இது என்ன?" என்று தனக்குத்தானே கேட்டாள். கேட்டுவிட்டு, அப்பாவைப் போலவே பதிலுக்குக் காத்திருந்தாள்.

ரத்தினவேல் எழுந்து போனை எடுத்தான். போனில் அவன் யாரோடும் பேசுவதில்லை. அவன் முதல் வார்த்தைக்குத் திணறும்போது எதிர்முனையில் ஹலோ, ஹலோ என்று இரண்டு தடவை கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மெசேஜ்தான் அனுப்புவான். அன்று மெசேஜ் போடத் தோன்றவில்லை. ருக்மணி மேடம் நம்பரை அழுத்தினான்.

"ர... ர... ர..."

தன் பெயரையே சொல்ல வரவில்லை. அரை நிமிடம் போயிருக்கும்.

"லைன்ல இருக்கேன். மெதுவா சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றது அந்தப் பக்கம்.

சொன்னான். எல்லாவற்றையும் சொல்லப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அவர் கேட்ட கேள்விகள் கொஞ்சம்தான். திக்கும்போது முகம் கோணுகிறதா, கண்ணை இறுக்கி மூடுகிறாளா, பேசவே பயப்படுகிறாளா? இல்லை, இல்லை, இல்லை.

"இந்த வயசுல நிறையக் குழந்தைங்களுக்கு இப்படி வரும் சார். சொல்ல வேண்டியது நிறைய இருக்கும், வாய் அந்த வேகத்துக்கு ஓடாது. பெரும்பாலும் தானா போயிரும். போகலைன்னா நான் இருக்கேன், அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க. 'மெதுவா பேசு, திருப்பிச் சொல்லு'ன்னு மட்டும் அவகிட்ட யாரும் சொல்லாதீங்க. புத்தகத்தை ஏன் நிறுத்தினீங்க? இப்பதான் அது ரொம்ப வேணும்."

பீரோ மேலிருந்து புத்தகத்தை எடுத்தான். ராஜலட்சுமியிடம் மறைக்கவில்லை. இருவரும் வீட்டில் ஒன்றாக இருந்த அடுத்த ஞாயிறு, "நீயும் வ... வந்து உட்காரு" என்று கூப்பிட்டான். அவள் மனசில்லாமல்தான் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பாவும் மகளும் படிப்பதை அவள் அதுவரை ஒருநாள்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

ஆதிரை புத்தகத்தைத் தானே எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். தவளையைத் தொட்டு, "இ... இது என்ன?" என்றாள். ராஜலட்சுமி உடனே, "தவ..." என்று ஆரம்பித்தாள். ரத்தினவேல் கையைக் காட்டினான். அவள் நிறுத்தினாள். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அசையாமல் இருந்தது. ஊக்கப்படுத்துவது போலத் தலையை ஆட்டியது. அவசரம் துளியும் இல்லை. அம்மாவுக்குப் பதில் தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்பது போன்ற ஒரு பொறுமை அந்த மூன்று வயது முகத்தில்.

இவ்வளவு பொறுமையை இந்தக் குழந்தை யாரிடம் கற்றது என்று ராஜலட்சுமி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"தவளை" என்றாள் மெதுவாக.

"ப... பச்சைத் தவளை" என்று சேர்த்துச் சொன்னாள் ஆதிரை, மகா பெருமையாக.

குழந்தை தூங்கிய பிறகு, மத்தியானம், துணி மடித்துக்கொண்டே ராஜலட்சுமி சொன்னாள். "அவகிட்ட பேச வேணாம்னு நான் உங்ககிட்ட சொல்லியிருக்கவே கூடாதுங்க. ரெண்டு வருசம் வாயைக் கட்டிப்போட்டுட்டேன்."

"நீ ப... ப... ப..."

'பயந்து' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கையிலிருந்த சட்டையை மடிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

"...பயந்து சொன்னே. எ... எனக்கும் அதே பயம்தான்" என்று அவனே முடித்தான்.

ஆதிரையின் திக்கல் இரண்டு மாதத்தில் குறைந்து, மழைக்காலம் முடிவதற்குள் காணாமல் போயிற்று. எப்போது போனது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இப்போது அவளுக்கு நாலரை வயது. தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திரும்பி, பக்கத்துத் தெருப் பிள்ளைகளிடம் கற்ற கன்னடத்தில் சண்டை போட்டு முடிக்கிறாள். சுஜாதா டீச்சர் காதைத் தின்பவர்கள் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. டீச்சர் கேட்டுக்கொண்டதால் ரத்தினவேல் மாதம் ஒரு சனிக்கிழமை அங்கன்வாடிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் காட்டுகிறான். முதல் தடவை அவன் திக்கியபோது ஒரு வாண்டு சிரித்தது. மற்றவர்கள் அதற்குள் வார்த்தையைக் கத்திவிட்டார்கள். சிரித்த வாண்டும் சேர்ந்து கத்தியது.

ஆதிரையைக் கடைசியாகக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போன அன்று ருக்மணி மேடம் அவளுடைய கோப்பை மூடி, இனி வரவேண்டியதில்லை என்றார். ராஜலட்சுமி கும்பிட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ரத்தினவேல் போகவில்லை. நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எ... எனக்கு முப்பத்தாறு வயசு மேடம்" என்றான். "இனிமே வ... வந்தா ஏதாவது ப... பலன் உண்டா?"

"முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "ஆனா பேசறது கொஞ்சம் லேசாகும். வியாழக்கிழமை காலையில வர முடியுமா?"

ஷிப்டுக்கு முன்னால் திரும்பிவிடலாமா என்று அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆதிரையை முனிலட்சுமி அம்மாவிடம் விட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் முடியும். வியாழன்தோறும் போய்க்கொண்டிருக்கிறான்.